துளையில் பிறக்கும் வேகம்

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் ஈர்ப்பைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் சத்தம், இழுவை, ஞாபகம் ஆகிய மூன்றில் வந்து நின்றுவிடும். கேட்டவர்களுக்கெல்லாம் நானும் இந்த மூன்றையே சொல்லிவந்தேன், என் அக்கா மகன் குறுக்கே வரும்வரை. இயந்திரவியல் படித்துவிட்டு ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் அவன், எண்களைத் தவிர வேறெதையும் எளிதில் ஒப்புக்கொள்ளாதவன். “மாமா, ஆர்எக்ஸ் 100 கொடுக்கிறது பதினோரு குதிரைத்திறன். இன்னைக்கு ஷோரூம்ல நிக்கிற ஒரு நல்ல 125 சிசி வண்டியும் அதைக் கொடுக்குது. புகை கிடையாது, பெட்ரோலும் அவ்வளவு குடிக்காது. அப்படியிருந்தும் முப்பது வருஷத்துப் பழைய வண்டிக்கு லட்ச ரூபாய்க்கு மேல கொடுக்கிறாங்கன்னா, அவங்க வாங்கறது வண்டியை இல்ல, அவங்க வயசை” என்றான்.

எண்களில் தவறில்லை. அவற்றிலிருந்து அவன் எட்டிய முடிவுதான் எனக்கு ஒத்துவரவில்லை. யமஹாவின் ஆர்எக்ஸ் 100 இந்தியாவுக்கு வந்தது 1985 நவம்பரில். உற்பத்தி நின்றது 1996 இல். இன்று கோயம்புத்தூரில் எந்தக் கல்லூரி வாசலிலும் மாலையில் நின்று பார்த்தால், அந்த வண்டியைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கும் பையன்கள் அந்த ஆண்டுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்கள் என்பது முகத்திலேயே தெரியும். இல்லாத இளமையை எப்படி ஒருவன் ஞாபகப்படுத்திக்கொள்ள முடியும்? அப்பாவின் ஞாபகத்தை மகன் கடன் வாங்குகிறான் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் கடன் வாங்கிய ஞாபகத்துக்காக ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கையில் கிரீஸோடு உட்கார்ந்திருப்பவர்கள் குறைவு.

அரிதாகிவிட்டதால்தான் மதிப்பு என்பதும் முழு விளக்கம் ஆகாது. ஆர்எக்ஸ் 100 அப்படியொன்றும் அரிய வண்டி அல்ல. தெருவுக்கு ஒன்று இருந்த வண்டி. உண்மையிலேயே அரிதானது வேண்டுமென்றால் சென்னை என்ஃபீல்டு நிறுவனம் 1980களில் ஜெர்மானிய சுண்டாப் வடிவமைப்பை வைத்துச் செய்த ஃப்யூரி 175 இருக்கிறது. ஐந்து கியரும் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் கொண்ட டூ ஸ்ட்ரோக் அது. இந்தியச் சாலைகளில் டிஸ்க் பிரேக் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாத காலத்தில் வந்தது. அதைத் தேடி அலைபவர்கள் சிலர் உண்டு, ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் கண் மலர்பவர்கள் மிகக் குறைவு. அரிது என்பது மட்டும் ஒரு வண்டியை விரும்பத்தக்கதாக ஆக்கிவிடுவதில்லை.

ஞாபகமும் இல்லை, அரிதும் இல்லை, வேகமும் இல்லை என்றால் பின் எதுதான் என்ற கேள்வி நெடுநாள் என்னோடு இருந்தது.

ஒரே கொள்ளளவு, இரண்டு குணங்கள்

ஜப்பானில் யமஹா 1973 முதல் 1975 வரை விற்ற ஆர்டி 350 ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 இல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் இங்கே கொண்டுவந்த கதை, இந்தப் பித்து உள்ளவர்களுக்கு மனப்பாடம். 347 சிசி, காற்றால் குளிரும் இரண்டு சிலிண்டர், ஆறு கியர். ஜப்பானியப் பதிப்பு 39 குதிரைத்திறன் தந்தது. இந்தியச் சாலைக்கும் இந்தியப் பணப்பைக்கும் ஏற்ப அதை 30.5 ஆகக் குறைத்தார்கள். அதுவும் பெட்ரோல் தாங்கவில்லை என்று ஆனபின் ஏறத்தாழ 27 ஆகக் குறைத்து இன்னொரு பதிப்பு வந்தது. முன்னதை ஹைடார்க் என்றும் பின்னதை லோடார்க் என்றும் சொல்வார்கள். அதே காலத்தில் அதே 350 சிசி கொள்ளளவில் சாலையில் ஓடிய புல்லட் தந்தது 18 குதிரைத்திறன்.

இந்த ஒப்பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு டூ ஸ்ட்ரோக்கின் பெருமையை நிறுவிவிடலாம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்தாலே ஒரு வெடிப்பு. நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு முறை போய்வந்தால்தான் ஒரு வெடிப்பு. ஆகவே ஒரே அளவுள்ள இன்ஜினில் அதிகத் திறன். பள்ளிப் பாடத்தில் இதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் நண்பர் ஒருவரின் ஹைடார்க் வண்டியைப் பல்லடம் சாலையில் ஓட்டக் கிடைத்தபோது என்னைத் தாக்கியது திறனின் அளவு அல்ல, அது வந்த விதம்.

தொடக்கத்தில் அது மிகச் சாதாரண வண்டி. நிமிடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் சுற்றுவரை இன்ஜின் ஏதோ ஒப்புக்கு ஓடுவதுபோல இருக்கும். கொஞ்சம் இருமும், கொஞ்சம் புகையும். புல்லட்டிலிருந்து இறங்கி வந்தவனுக்கு இவ்வளவுதானா என்று தோன்றும். ஆக்சிலரேட்டரை அதே அளவில் பிடித்துக்கொண்டே போனால், ஐந்தாயிரத்தை நெருங்கும்போது சத்தத்தின் தன்மை மாறுகிறது. அதுவரை தனித்தனியாகக் கேட்ட வெடிப்புகள் ஒன்றாகி ஒரே இழைப்பாக நீள்கின்றன. கை அசையாமலேயே வண்டி முன்னே பாய்கிறது, முன் சக்கரம் லேசாகிறது. நான் எதையும் கூட்டிக் கேட்கவில்லை, வண்டியாக எடுத்துக் கொடுத்தது. அந்தப் பாய்ச்சலை நிறுத்துவதற்கு முன்னால் இருப்பதோ ஜப்பானியப் பதிப்பில் இருந்த டிஸ்க் அல்ல, இங்கே செலவைக் குறைக்க வைத்த டிரம் பிரேக். அதனால் ஆர்டி ஓட்டியவர்கள் வேகத்தைப் பற்றிப் பேசுவதைவிட நிறுத்தத்தைப் பற்றி அதிகம் பேசுவார்கள்.

அக்கா மகனுடைய எண்கள் பிடிக்காமல் விட்டது இந்த இடத்தைத்தான். பதினோரு குதிரைத்திறன் என்பது உச்சியில் இருக்கும் ஒரு புள்ளி. அந்த உச்சிக்குப் போகும் பாதை சரிவா, படியா, செங்குத்தா என்பதை அந்த எண் சொல்வதில்லை. இன்றைய 125 சிசி வண்டி தன் பதினொன்றை ஒரே சீராகப் பரப்பித் தருகிறது. அன்றாடப் பயணத்துக்கு அதைவிடச் சிறந்தது கிடையாது. ஏறத்தாழ நூறு கிலோ எடையுள்ள ஆர்எக்ஸ் 100 தன் பதினொன்றைப் பெரும்பாலும் மேல்பாதியில் வைத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் இது விவரிப்பே தவிர விளக்கம் அல்ல. ஏன் அப்படி வருகிறது, அது ஏன் பிடிக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் அப்படியே நின்றன.

கணபதியில் ஒரு பட்டறை

விடையின் முதல் பாதி கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் கிடைத்தது. மோட்டார் பம்புகளுக்கு உதிரி செய்யும் பட்டறை அது. ஓரத்தில் ஒரு மேசை மட்டும் டூ ஸ்ட்ரோக் பிளாக்குகளுக்கு, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் கட்டைகளுக்கு. அங்கே வேலை செய்யும் அண்ணன் ஒரு காலத்தில் பந்தய வண்டிகளுக்கு இன்ஜின் தயார் செய்தவர். சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் பிப்ரவரிதோறும் பந்தயம் நடந்த காலத்திலேயே அங்கே போய்வந்தவர். என் வண்டியின் பிஸ்டன் சீஸ் ஆகி, அதாவது சிலிண்டரோடு இறுகி நின்றுபோய், சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து (போர் செய்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதற்காகப் போயிருந்தேன்.

நான்கு நட்டுகளைக் கழற்றி ஹெட்டை எடுத்தார். பிளாக்கைத் தூக்கினார். அவ்வளவுதான், இன்ஜினின் மேல்பகுதி முழுவதும் பிரிந்து மேசைமேல் கிடந்தது. வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. அசையும் உறுப்புகள் என்று சொன்னால் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க், இவை மட்டுமே. உள்ளே வரும் வழியில் மெல்லிய தகடாலான ரீட் வால்வு ஒன்று தானாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அண்ணன் பிளாக்கைத் துடைத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, “உள்ள பாரு தம்பி” என்று என்னிடம் நீட்டினார்.

உள்ளே சுவரில் துளைகள் இருந்தன. முன்பக்கம் பெரிதாக ஒன்று, எரிந்த வாயு வெளியேற. பக்கவாட்டில் சாய்வாகச் சில, பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதுக் கலவை கிராங்க் அறையிலிருந்து மேலே ஏற. பின்பக்கம் கலவை உள்ளே நுழைய. நான்கு ஸ்ட்ரோக்கில் வால்வுகளும் கேமும் சங்கிலியும் சேர்ந்து செய்யும் வேலையை இங்கே இந்தத் துளைகளின் உயரமும் அகலமும் செய்கின்றன. பிஸ்டன் இறங்கும்போது எந்தத் துளை எப்போது திறக்கிறது, ஏறும்போது எப்போது மூடுகிறது என்பதே இந்த இன்ஜினின் முழு ஜாதகம். அண்ணன் ஒரு காகிதத்தைச் சுருட்டிப் பிளாக்குக்குள் விட்டு, சுவரோடு அழுத்திப் பென்சிலால் தேய்த்தார். வெளியே எடுத்து விரித்தபோது துளைகளின் வரைபடம் அப்படியே காகிதத்தில் விழுந்திருந்தது. அதன்மேல் அளவுகோலை வைத்து, “இதை ஒரு மில்லிமீட்டர் மேல ஏத்தினா வண்டி மேல்சுத்துல பறக்கும், ஆனா சிக்னல்ல கிளம்பாது. இதை அகலப்படுத்தினா காத்து நல்லாப் போகும், ஆனா ரிங் அந்த ஓட்டையில மாட்டி உடையும். எது வேணும்னு நீ சொல்லு, நான் அரம் போடறேன்” என்றார்.

அதுவரை இன்ஜினின் திறன் என்பது தொழிற்சாலையில் யாரோ தீர்மானித்து உலோகத்துக்குள் வைத்து மூடி அனுப்பும் ஒன்று என்பதாகவே என் மனத்தில் இருந்தது. இங்கே அது காகிதத்தில் பென்சில் தடமாகத் தெரிந்தது. கையில் வட்ட அரமும், கண்ணில் அளவும், எதை விட்டுக்கொடுப்பது என்ற தெளிவும் உள்ள ஒருவர் அதைத் திருத்தி எழுதலாம். திருத்தினால் கிடைப்பதும் போவதும் உடனே சாலையில் தெரியும். டூ ஸ்ட்ரோக்கின் ஈர்ப்பு அதன் வெளிப்படைத்தன்மையில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது அந்த மேசை அருகில்தான். படிக்கத் தெரிந்தவனுக்கு அது திறந்தே இருக்கும் இன்ஜின்.

அன்று எதுவும் அரம் போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போர் மட்டும் செய்துகொண்டு, துளைகளின் ஓரத்தை மழமழவென்று ஆக்கிக்கொண்டு வந்தேன். நகரத்துக்குள் ஓடும் வண்டிக்கு அதுவே போதும்.

இந்த வெளிப்படை பிளாக்கோடு முடிவதில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கலவை சரியா என்று தெரிந்துவிடும். காப்பிக்கொட்டை நிறமென்றால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கருத்து ஈரமாக இருந்தால் அதிகம். மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக ஓடிய வண்டி 2,200 மீட்டருக்கு மேலே உள்ள உதகையில் மூச்சுத் திணறும். காற்று மெலிந்துவிட்டதால், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் அதே ஜெட்டில் பெட்ரோல் கூடிவிட்டது என்று அர்த்தம். இறங்கும்போது வேறு கவலை. ஆக்சிலரேட்டரை முழுவதும் மூடிக்கொண்டு குன்னூர் மலைப்பாதையில் இறங்கினால் இன்ஜின் வேகமாகச் சுழல்கிறது, ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து கூடிக் குறையும் ஆயிலோ போதிய அளவு வருவதில்லை. பழக்கமுள்ளவர்கள் இடையிடையே கையைச் சற்றுத் திருகிக்கொண்டே இறங்குவார்கள். இது எதையும் புத்தகம் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் கிடையாது. வண்டியின் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் கை தானாகச் செய்கிறது.

சோப்பாவிலிருந்து ஓசூர் வரை

துளைகள் விடையின் முதல் பாதி. மறுபாதி சைலன்சரில் இருக்கிறது. சத்தம் குறைக்க வைத்த குழாய் என்றுதான் பெரும்பாலோர் அதைப் பார்க்கிறோம். டூ ஸ்ட்ரோக்கில் அது இன்ஜினின் உறுப்பு. வெளியேறும் துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலை எதிர்மறையாகத் திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை உறிஞ்சி இழுக்கிறது. அதன்பின்னே புதுக் கலவையும் மேலே ஏறி, கொஞ்சம் குழாய்க்குள்ளேயே வழிந்துவிடுகிறது. குழாய் மறுபடி குறுகும் இடத்தில் பட்டுத் திரும்பும் இரண்டாவது அலை, வழிந்த அந்தக் கலவையைத் துளை மூடுவதற்குச் சற்று முன்பாகச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் பிஸ்டன் ஒருமுறை போய்வர எடுக்கும் நேரம் நொடியில் 125 இல் ஒரு பங்கு. அதில் ஏறத்தாழப் பாதி நேரத்துக்குள் இத்தனையும் நடந்து முடிய வேண்டும்.

அலையின் வேகம் வாயுவின் வெப்பத்தைப் பொறுத்தது. இன்ஜினின் சுற்றைப் பொறுத்து அது மாறுவதில்லை. ஆகவே இரண்டும் ஒத்துப்போவது குறிப்பிட்ட ஒரு சுற்று எல்லைக்குள் மட்டுமே. ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளினால் எழும்பும், தப்பான கணத்தில் தள்ளினால் அடங்கும். ஐந்தாயிரத்துக்குக் கீழே ஆர்டி இருமியதும் மேலே பாய்ந்ததும் இதனால்தான். பல்லடம் சாலையில் வண்டியாக எடுத்துக் கொடுத்தது என்று நான் நினைத்தது, சைலன்சரிலிருந்து சரியான நேரத்தில் திரும்பி வந்த ஓர் அலை.

இந்தக் குழாயின் கணக்கைப் பந்தயத்தில் நிலைநாட்டியவர் வால்டர் காடன். இரண்டாம் உலகப் போரில் பேனமுண்டே ராக்கெட் தளத்தில் வேலை செய்து, பின்னர் கிழக்கு ஜெர்மனியில் சோப்பாவ் என்ற சிற்றூரில் இருந்த எம்இசட் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவை நடத்தியவர். பணமில்லை, நல்ல உலோகமில்லை, நாட்டுக்கு வெளியே போவதென்றால் ஆயிரம் அனுமதி. அந்த நிலையில் 1961 இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறனை எட்டியது. கொள்ளளவில் லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற கணக்கு அதற்குமுன் அந்த வகை இன்ஜினில் கேள்விப்படாதது. ஹோண்டா பல சிலிண்டர், பல வால்வு என்று செலவழித்துக்கொண்டிருந்த அதே பந்தயங்களில் இவர் நம்பியது ஒரு வட்டத் தகட்டு வால்வையும், சில துளைகளையும், சரியான வடிவில் வளைத்துப் பற்றவைத்த ஒரு குழாயையும்.

அந்த ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் உலகப் பட்டத்துக்கு மிக அருகில் இருந்தார். ஸ்வீடன் பந்தயத்தில் இன்ஜின் பழுதாகி நின்றது. அங்கிருந்தே அவர் மேற்கே தப்பிவிட்டார். குடும்பத்தை ஏற்கெனவே ஒரு காரின் டிக்கியில் மறைத்து எல்லை தாண்ட வைத்திருந்தார். காடன் கண்டுபிடித்தவற்றோடு அவர் போய்ச் சேர்ந்தது சுசுகியிடம். அடுத்த ஆண்டே, 1962 இல், 50 சிசி உலகப் பட்டம் டெக்னருக்கும் சுசுகிக்கும் கிடைத்தது. சுசுகா பந்தயத் தடத்தில் அவர் விழுந்த வளைவு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. காடனுக்கு மிஞ்சியது தன் இன்ஜினைத் தன்னைவிட வசதியான ஒருவர் ஓட்டி வெல்வதைப் பார்க்கும் அனுபவம். எனக்கு டெக்னர்மேல் கோபம் இல்லை. ஆனால் இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் மனம் காடன் பக்கமே சாய்கிறது.

இதன் கடைசிப் பகுதி நம் பக்கத்தில் நடந்தது. சுசுகியின் டூ ஸ்ட்ரோக் அறிவு 1984 இல் ஏஎக்ஸ் 100 ஆக டிவிஎஸ் வழியே ஓசூருக்கு வந்தது. 1993 இல் வந்த ஷோகன் 108 சிசியில் 14 குதிரைத்திறன் தந்தது. லிட்டர் கணக்கில் பார்த்தால் ஆர்எக்ஸ் 100 ஐவிட அதிகம். நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: ஷோகன்தான் நல்ல வண்டி, ஆர்எக்ஸ் நல்ல பெயர். தன் மருமகன் தினமும் வேலைக்குப் போகும் ஊரில், சோப்பாவ் பட்டறையின் வாரிசு ஒன்று தொடர்தயாரிப்பில் வெளிவந்தது என்று ஒரு மாமன் சொன்னால் அவன் நம்ப வேண்டும் அல்லவா? தேடிப் பார்த்துவிட்டு நம்பினான்.

ஏழைத் தொழிற்சாலையில் காடனும், பம்பு உதிரி செய்யும் பட்டறையில் அண்ணனும் ஒரே வேலையைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், உறுப்புகள் குறைவாக இருக்கும் இன்ஜின் அறிவுக்கு அதிக இடம் விடுகிறது என்பதே. ஐரோப்பிய, ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் தேடும் பெரிய டூ ஸ்ட்ரோக்குகளான 1969 இன் கவாசாகி மாக் 3, எண்பதுகளின் நடுவில் வந்த யமஹா ஆர்டி 500, சுசுகி ஆர்ஜி 500 காமா ஆகியவற்றின் மேலும் எனக்கு ஆசை உண்டு. மூன்று சிலிண்டரில் 60 குதிரைத்திறனைக் கொட்டிய அந்தக் கவாசாகியை யாராவது ஓட்டக் கொடுத்தால் மறுக்கமாட்டேன். ஆனால் அவற்றைவிட ஒரு சாதாரண நூறு சிசி பிளாக் எனக்கு அதிகம் சொல்கிறது.

அதே துளையின் குற்றம்

இப்போது அசௌகரியமான பகுதி. புதுக் கலவை உள்ளே வரும்போது வெளியேறும் துளையும் திறந்திருக்கிறது என்றேன். அலை திருப்பித் தள்ளுவது அதன் எல்லைக்குள் இன்ஜின் ஓடும்போது மட்டும். மற்ற நேரமெல்லாம், அதாவது நகரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் நகரும் நேரமெல்லாம், எரியாத பெட்ரோலும் ஆயிலும் நேராக அடுத்தவர் மூக்குக்குப் போகின்றன. எந்தத் துளைகளை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து நான் மயங்கினேனோ அதே துளைகள்தான் இந்தக் குற்றத்துக்கும் காரணம். அழகை வைத்துக்கொண்டு அழுக்கை மட்டும் நீக்க வழியில்லை. வினையூக்கி மாற்றி பொருத்தியும் கொஞ்ச காலமே ஓட்ட முடிந்தது. 1996, 2000 என்று புகை விதிகள் இறுக இறுக ஒவ்வொன்றாக நின்றன. மூட்டை சுமந்து ஊர் ஊராக ஓடிய டிவிஎஸ் எக்ஸ்எல் கூட 2015 இல் நான்கு ஸ்ட்ரோக்கில் எக்ஸ்எல் 100 ஆக வந்தது. உலகப் பந்தயத்தில் உயர்பிரிவு 2002 இல் 990 சிசி நான்கு ஸ்ட்ரோக்குகளுக்குத் திறந்தது. டூ ஸ்ட்ரோக் ஓடிய 250 சிசி பிரிவு 2009 ஓடும், 125 சிசி பிரிவு 2011 ஓடும் முடிந்தன.

இந்த விதிகளைத் திட்டும் வழக்கம் எங்கள் கூட்டத்தில் உண்டு. எனக்கு அது ஏற்புடையதல்ல. 1985 இல் ஆர்எக்ஸ் வந்த அதே ஆண்டில்தான் ஹீரோ ஹோண்டா சிடி 100 ம் வந்தது. மாதக் கடைசியில் பெட்ரோலுக்குக் கணக்குப் பார்த்த லட்சக்கணக்கான குடும்பங்கள் எதைத் தேர்ந்தெடுத்தன என்பது நமக்குத் தெரியும். அவர்கள் தேர்வு சரியானதே. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் காந்திபுரத்தில் நீலப் புகை விட்டுக்கொண்டு நிற்பதை எந்த ரசனையும் நியாயப்படுத்தாது. என் வண்டி காலையில், ஊர் விழிக்குமுன், சிறுவாணிச் சாலைப் பக்கம் மட்டும் போகும். அதுவும் சுத்தமான நியாயம் அல்ல என்று அக்கா மகன் சொல்வான். அதை மறுக்க என்னிடம் எண் இல்லை.

எது அரிது

பழைய வண்டிச் சந்தை இப்போது போகும் போக்கு எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஜப்பானிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டிய முதல் 5,000 ஆர்எக்ஸ்களில் ஒன்று என்று சொல்லி விற்கப்படும் வண்டிகளை எல்லாம் சேர்த்தால் எண்ணிக்கை அதைப்போலப் பல மடங்கு வரும். எண் அடித்த சேசிஸ், வெட்டி ஒட்டிய ஆர்சி, புது உதிரியின்மேல் பழைய முத்திரை என்று தனியே ஒரு கைத்தொழிலே நடக்கிறது. நல்ல நிலையிலுள்ள வண்டிகளை வாங்குபவர்கள் பெரும்பாலும் ஓட்டுவதில்லை. கண்ணாடி அறையில் நிறுத்தி, சைலன்சரின் குரோம் மங்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஓடாத டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் சீல் காய்ந்து போகும், கிராங்க் அறைக்குள் துரு ஏறும். அரிதானதைக் காப்பதாக நினைத்து அதன் உள்ளே இருப்பதைச் சாக விடுகிறார்கள். வெளியே இருக்கும் பெயின்டுக்கு விலை கொடுப்பவருக்கு அந்தத் துளைகளின் காகிதத் தடத்தைக் காட்டினால் என்ன சொல்வார் என்று யோசித்திருக்கிறேன்.

என் கணக்கில் அரிதாகிக்கொண்டிருப்பது வண்டி அல்ல, கை. கிராங்க்கைப் பிரித்து, புதுப் பின் அடித்து, மறுபடி நூல் பிடித்தாற்போல நேராக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் இப்போது வெகு சிலர். கணபதி அண்ணனின் பட்டறையில் வேலை பழகும் பையன் கணினி வழி இயங்கும் இயந்திரத்தில்தான் உட்கார விரும்புகிறான். சம்பளம் அங்கேதான் இருக்கிறது, அவனைக் குறை சொல்ல முடியாது. உதிரி இல்லை என்று புலம்பும் நாங்கள், பிளாக் போர் செய்வதற்கு அண்ணன் கேட்கும் கூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதையும் பார்க்கிறேன்.

போன மாதம் அக்கா மகன் ஒரு செய்தியோடு வந்தான். ஆஸ்திரியாவின் கேடிஎம் 2017 இல் அறிவித்த எண்டியூரோ வண்டிகளில், அதாவது காட்டுப் பாதைப் பந்தய வண்டிகளில், டூ ஸ்ட்ரோக் உயிரோடு இருந்தது. பெட்ரோலைக் கார்புரேட்டரில் கலக்காமல், கலவை மேலே ஏறும் பக்கவாட்டுத் துளையான டிரான்ஸ்ஃபர் போர்ட்டிலேயே ஊசி வழியாகப் பீய்ச்சினார்கள். அளவைக் கணினி தீர்மானித்தது. வீணாவது வெகுவாகக் குறைந்தது. 1997 இல் இத்தாலியின் பிமோட்டா, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் ஊசிகளோடு 500 சிசி டூ ஸ்ட்ரோக் ஒன்றைக் கொண்டுவந்து கையைச் சுட்டுக்கொண்ட அந்தப் பாதையில் இவர்கள் ஒருவழியாகத் தேறிவிட்டார்கள். “உங்க வெளிப்படை, படிக்கத் தெரிஞ்சவன் கையில திறந்த புத்தகம் எல்லாம் இதுல கிடையாது மாமா, லேப்டாப் வேணும்” என்று சிரித்தான். என் வாதத்தின் அடியைத் தொட்டுவிட்டதாக அவனுக்கு மகிழ்ச்சி. எனக்கும் பதில் உடனே வரவில்லை.

இருவருமாகப் பட்டறைக்குப் போனோம். அவன் கைபேசியில் அந்த இன்ஜினின் வெட்டுப்படத்தைக் காட்ட, அண்ணன் கண்ணாடியை மூக்கில் இறக்கி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஊசி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்துப் பீய்ச்சுகிறது, ஆயில் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவன் தெரிந்த அளவில் சொன்னான். பிறகு படத்தில் ஓரிடத்தில் விரலை வைத்து, “ஓட்டை அங்கேயேதான இருக்குது தம்பி” என்றார். அவன் ஆமாம் என்றான். “அப்புறம் என்ன, அந்தக் கம்ப்யூட்டரை நீ பாத்துக்க, அரத்தை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு பிளாக் கொண்டுவரச் செலவு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கத் தொடங்கினார். அவர்கள் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் வெளியே டீ சொல்லப் போனேன்.